மாதா மாதம் காசு கட்டுறோம். படம் நம்ம கையில இருக்கா? மறைந்துபோன டி.வி.டி. கடைகளும் மாட்டிக்கொண்ட ரசிகர்களும்

சென்னை பர்மா பஜார் பக்கம் இப்போது போனால், "புதுப் படம் வேணுமா சார்?" என்று காதோரம் கிசுகிசுக்கும் ஆளைக் காணோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைப்பதற்காக 1969-ல் உண்டான கடை வரிசை அது. டேப் ரிக்கார்டர், வெளிநாட்டு சென்ட், வீடியோ கேசட், வி.சி.டி., டி.வி.டி. என்று காலத்துக்குத் தக்கபடி சரக்கு மாறிக்கொண்டே வந்தது. இன்று எங்கு பார்த்தாலும் செல்போன் உறையும் சார்ஜரும்தான்.

திருட்டு வி.சி.டி. ஒழிந்தது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் திருடனோடு சேர்த்து வீட்டுக்காரனும் காணாமல் போன கதையாக, ஒரிஜினல் டி.வி.டி.யும் போச்சு. புதுத் தமிழ்ப் படம் தட்டாக விற்பனைக்கு வருவது அநேகமாக நின்றே விட்டது. பிடித்த படத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவனுக்கு இன்று வழி இல்லை. வாடகைக்குத்தான் பார்க்க முடியும்.

இந்த நிலைமை எப்படி வந்தது?

குண்டர் சட்டம் பாய்ந்தது

2004-ம் ஆண்டு ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது குண்டர் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. சாராய வியாபாரி, போதைப் பொருள் ஆசாமி, ரவுடி, குடிசை நில அபகரிப்புக்காரன் ஆகியோர் இருந்த பட்டியலில் 'வீடியோ திருடன்' என்ற பெயரும் சேர்ந்தது. இந்தச் சட்டத்தில் சிக்கினால் ஒரு வருடம் வரை விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். தினம் ஒரு ரெய்டு. பறிமுதல் செய்த தட்டுக்களை மேஜை மேல் அடுக்கி வைத்து, பின்னால் போலீசார் வரிசையாக நிற்கும் போட்டோவைப் பத்திரிகையில் பார்க்காத வாசகர் இருக்க மாட்டார்.

ஆனாலும் வியாபாரம் சாகவில்லை. காரணம் விலை. ஒரிஜினல் டி.வி.டி. பல நூறு ரூபாய். பிளாட்பாரத்து சரக்கு சில பத்து ரூபாய். 2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. குடிசையிலும் டி.வி. வந்தாச்சு. பக்கத்தில் ஒரு சீப்பான பிளேயரும் வந்தாச்சு. படத்துக்கு எங்கே போவான்? பிளாட்பாரத்துக்குத்தான்.

இந்தக் கணக்கைப் போலீசை விடச் சரியாகப் போட்டது ஒரு கம்பெனி. டெல்லி பக்கம் வெற்றுத் தட்டு தயாரித்துக்கொண்டிருந்த மோசர் பேயர் 2007-ல் சினிமாப் பட வியாபாரத்தில் இறங்கியது. வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய்! திருட்டு விலைக்கே ஒரிஜினல். பெட்டிக்கடை வரை சரக்கு போச்சு. குண்டர் சட்டம் செய்யாததை இந்த 34 ரூபாய் கொஞ்ச காலம் செய்தது என்பது என் அபிப்பிராயம்.

2015-ல் டைரக்டர் சேரன் இன்னும் ஒரு படி மேலே போனார். 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' என்ற தன் படத்தை டி.வி.டி.யாக 50 ரூபாய்க்கு நேரே வீட்டுக்கே விற்றார். தியேட்டர் கிடைக்காத படத்துக்கு அது ஒரு வாசல் என்று பலரும் நினைத்தார்கள். நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை? 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் ஜியோ போன் நெட்டை இலவசமாக அள்ளி விட்டது. டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ வந்தது. ஒரே வருடத்தில் எல்லாம் முடிஞ்சுபோச்சு. தட்டு, பிளேயர், ஒயர் எதுவும் வேண்டாம். 2018-ல் மோசர் பேயர் திவாலாகி, கம்பெனியைக் கலைக்க கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது.

திருட்டு ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. பிளாட்பாரத்தை விட்டு போனுக்குள் போய்விட்டது. முன்பாவது தியேட்டரில் ஒளித்து எடுத்த மங்கலான காப்பி. நடுவில் எவனாவது எழுந்து போவான், அவன் தலை தெரியும். இப்போது ஓ.டி.டி.யில் வந்த சில மணி நேரத்தில் பளிச்சென்ற காப்பி சுற்றுகிறது. 2023-ல் மத்திய அரசு சினிமா சட்டத்தைத் திருத்தி மூன்று வருடம் வரை சிறை, மூன்று லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று கடுமையாக்கியது. ஆனால் ரெய்டு போவதற்குக் கடை எங்கே இருக்கிறது?

காசு கட்டியவர் கதி

நியாயமாகக் காசு கட்டிப் பார்க்கிறவரின் கதி என்ன? நெட்பிளிக்சில் போனில் மட்டும் பார்க்கும் மலிவான திட்டத்துக்கு 2021 டிசம்பரில் 149 ரூபாய் என்று விலை வைத்தார்கள். வருடத்துக்கு 1,788 ரூபாய். மோசர் பேயர் விலையில் கணக்குப் போட்டால் 52 டி.வி.டி. வாங்கும் பணம். அந்த 52 தட்டும் இன்றும் பீரோவில் இருக்கும். 149 ரூபாய் கட்டியவர் அடுத்த மாதம் கட்டாவிட்டால் ஒரு படம்கூட மிஞ்சாது. கையிலே காசு, வாயிலே தோசை. நேற்றுச் சாப்பிட்ட தோசைக்குக் கணக்குக் கிடையாது.

கட்டிய பிறகும் நிம்மதி உண்டா? பிரைம் வீடியோ 2025 ஜூன் மாதத்திலிருந்து இந்தியாவில் படத்துக்கு நடுவே விளம்பரம் போட ஆரம்பித்தது. விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 129 அல்லது வருடம் 699 ரூபாய் தனியாக எடுத்து வை என்றார்கள். நம்ம ஊர் கேபிள்காரர் இப்படிக் கேட்டிருந்தால் தெருவே கூடியிருக்கும்!

விளம்பரத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். படமே காணாமல் போனால்?

நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பர் 1-ந் தேதி தியேட்டருக்கு வந்தது. சென்சார் சர்டிபிகேட் வாங்கிய படம். அதே மாதம் 29-ந் தேதி நெட்பிளிக்சில் வெளியானது. மத உணர்வைப் புண்படுத்துவதாக மும்பையில் போலீசில் புகார் கொடுத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டே வாரத்தில், 2024 ஜனவரியில், படம் அங்கிருந்து எடுக்கப்பட்டது. உரிமை வைத்திருந்த தரப்பே எடுக்கச் சொல்லிவிட்டது. அந்தப் படம் சரியா தப்பா என்பது இங்கே பேச்சில்லை. பிற்பாடு அது எங்கே வந்தது, எப்படி வந்தது என்பதும் வேறு கதை. ராத்திரி பாதி பார்த்துவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்தவர் காலையில் எழுந்தால் படம் இல்லை. இதுதான் விஷயம். தட்டாக வாங்கியிருந்தால் வீட்டுக்குள் வந்து பீரோவைத் திறந்து யார் எடுப்பார்கள்?

சண்டை சச்சரவு எதுவும் இல்லாத படத்துக்கும் இதே நிலைதான். ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பிட்ட வருடத்துக்குத்தான் ஒப்பந்தம். கெடு முடிந்தால் ஓசைப்படாமல் தூக்கிவிடுவார்கள். கேள்வி கிடையாது.

அமெரிக்காவிலேயே இந்தக் குமுறல்

நமக்கு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1998-ல் தபாலில் டி.வி.டி. அனுப்பித்தான் நெட்பிளிக்ஸ் பிழைப்பையே ஆரம்பித்தது. 2023 செப்டம்பர் 29-ந் தேதி கடைசித் தட்டை அனுப்பிவிட்டு அந்தப் பிரிவை மூடியது. அதே வருடம் நவம்பரில் 'ஓப்பன்ஹைமர்' படத்தின் 4கே தட்டு வெளிவந்தது. ஓ.டி.டி.க்காரன் பிடுங்க முடியாதபடி தட்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று டைரக்டர் கிறிஸ்டோபர் நோலனே ரசிகர்களிடம் சொன்னார். முதல் வாரத்திலேயே பல கடைகளில் சரக்கு தீர்ந்துபோனது.

கலிபோர்னியா மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது. இன்டர்நெட்டில் படத்தை 'வாங்கு' என்று பட்டன் வைத்து விற்கிறவன், இது சொந்தமாகாது, அனுமதி மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 1-ந் தேதி முதல் அமல். நம் ஊரில் அப்படி ஒரு போர்டாவது வைக்கச் சொல்ல யாரும் இல்லை.

தமிழ் சினிமாவுக்கு இது வெறும் ரசிகர் பிரச்சினை அல்ல. முதல் தமிழ்ப் பேசும் படம் 1931-ல் வந்த 'காளிதாஸ்'. அதன் பிரதி இன்று ஒன்றுகூட இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' மௌனப் படமும் போயே போச்சு. நாலு பேர் கையில் நாலு பிரதி இருந்திருந்தால் ஒன்றாவது தப்பியிருக்கும். பழைய படங்கள் யூடியூபில் கிடைக்கின்றனவே என்பார்கள். கிடைக்கின்றன. சிலதில் பாட்டைக் காணோம். சிலதில் அகலமான டி.வி.க்காக மேலும் கீழும் வெட்டி நடிகர் தலையே பாதிதான் தெரிகிறது. முழுசாக இருக்கும் பதிப்பு, ராஜ் வீடியோ விஷன், பிரமிட், ஐங்கரன், மோசர் பேயர் என்று போட்டுவிட்டுப் போன தட்டுக்களில்தான் இருக்கக்கூடும். அதற்காக எல்லாத் தட்டும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். ஒரே தட்டில் மூன்று படத்தைத் திணித்து விற்றவற்றில் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய தட்டு எங்கேயாவது கண்ணில் பட்டால் முதலில் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருந்தால் பேக்டரியில் அச்சடித்தது. ஊதாவோ நீலமோ அடித்தால் பெரும்பாலும் வெற்றுத் தட்டில் ஏற்றியது. உறையில் சென்சார் சர்டிபிகேட் நகல், தயாரித்தவர் பெயர் விலாசம், உரிமைக்காரர் பெயர் விலாசம் மூன்றும் இருக்க வேண்டும் என்பது காப்புரிமைச் சட்டம். இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். நகல் போட்டு விற்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் மூலம் வரவழைக்கிறவர்கள் உறை மேலிருக்கும் பிராந்திய எண்ணைப் பார்க்க வேண்டும். இந்திய டி.வி.டி.க்கு 5, அமெரிக்காவுக்கு 1. புளூ-ரே என்றால் நமக்கு 'சி', அவர்களுக்கு 'ஏ'. எண் பொருந்தாவிட்டால் சாதாரண பிளேயரில் ஓடாது. 'ஆல்' என்று போட்டிருந்தால் கவலை இல்லை.

தட்டை ஓரத்தில் பிடியுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். வெயிலும் கடற்கரை ஈரமும் ஆகாது. பிளேயர்தான் இனித் தலைவலி. சாம்சங் புதுப் புளூ-ரே பிளேயர் கொண்டுவருவதை 2019-லேயே நிறுத்திவிட்டது. புது லேப்டாப்களில் டிரைவே வருவதில்லை, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். வீட்டில் பழைய பிளேயர் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். லென்ஸ் போயிருந்தால் ரிச்சி தெருவில் ஒரு நடை விசாரித்துப் பாருங்கள்.