மௌனம் மட்டும் போதுமா?



2018 ஆகஸ்ட் மாதம் கேரளாவில் பெரிய வெள்ளம் வந்தது. எங்க அப்பா லாரி டிரைவர். அப்போ நாமக்கல்லில் இருந்து முட்டை லோடு ஏத்திக்கிட்டு அங்கேதான் போயிருந்தார். இரண்டு நாளா போன் கிடைக்கல. அம்மா சோறே சாப்பிடல. மூணாம் நாள் யாரோ ஒருத்தர் போனில் இருந்து, "நல்லா இருக்கேன், பயப்படாதீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வீடே காத்திருந்தது.

அந்த வெள்ளத்தில் செய்தி சொல்லி உதவியவர்களில் ஹாம் ரேடியோக்காரர்களும் உண்டு என்று அறிவியல் டீச்சர் சொன்னாங்க. அரசு லைசென்ஸ் வாங்கி, சொந்த ஆர்வத்தில், சம்பளம் இல்லாமல் ரேடியோவில் பேசுகிறவர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. ஒருவர் இறந்தால் 'சைலன்ட் கீ' ஆகிவிட்டார் என்பார்கள். கீ என்றால் பூட்டுச் சாவி இல்லை. தந்தி அடிக்க விரலால் தட்டுவாங்களே, அந்தக் கருவி. அது மௌனமாயிடுச்சு என்று அர்த்தம்.

1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் இறந்த ராஜீவ் காந்தி ஒரு ஹாம். அவர் குறி வி.யு.2 ஆர்.ஜி. 2003 பிப்ரவரி 1-ல் கொலம்பியா விண்கலத்தில் இறந்த கல்பனா சாவ்லாவும் ஹாம்தான். கே.டி.5 ஈ.எஸ்.ஐ. அவர் பெயரில் நம் தமிழக அரசு துணிச்சலான பெண்களுக்கு விருது கொடுக்கிறது. ஆனா அவர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவர் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரியவர்களுக்காவது விருது, சிலை உண்டு. ராத்திரி கண் முழிச்சு, முகம் தெரியாத குடும்பத்துக்குச் செய்தி சொன்னவர் இறந்தால் யார் நினைக்கிறோம்? நம்ம பிரேயரில் ஒரு நிமிஷ மௌனம் என்றால் பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிற்கிறோம். நானும்தான். வாழ்நாள் பூரா பேசினவங்களுக்கு நம்ம மௌனம் எதுக்கு?

"அதான் செல்லு இருக்கே, ரேடியோ எதுக்குடி?" என்று பக்கத்து பெஞ்ச் தோழி கேட்டாள். டவரே போயிட்டா? 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி செத்துப்போனது. அங்கே ஹாம் பேசப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்தான் போர்ட் பிளேரில் இருந்து ரேடியோவில் செய்தி அனுப்பினார். ஒரு பேட்டரி, ஒரு ஆன்டெனா கம்பி, கேட்க ஒரு காது இருந்தால் போதும்.

அதனால் என் கருத்து இதுதான். மௌனமான ஒரு கீக்கு மரியாதை, இன்னொரு கீ பேசுவது. மத்திய அரசு நடத்தும் ஹாம் பரீட்சையை 12 வயது ஆனாலே எழுதலாம். எனக்கு 14. எழுதப் போகிறேன். பிப்ரவரி 1 அன்று பிரேயரில் கல்பனா சாவ்லாவின் குறியைச் சொல்லி, அன்றைக்கே மோர்ஸ் எழுத்து பத்து கற்றுக்கொடுக்கும்படி டீச்சரைக் கேட்டிருக்கிறேன். கூட வர்றவங்க 9-ஆம் வகுப்பில் வந்து பேர் கொடுங்க.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி