முடி கொட்டாத நாய்க்குட்டி வேணுமா? குட்டியைப் பார்க்கும் முன் அதன் அம்மாவைப் பாருங்க!

தறி ஓடும் வீட்டில் நாய் வளர்க்க ஆசைப்பட்டால், முதலில் குறுக்கே வந்து நிற்பது முடிதான். லாப்ரடாரோ, பொமரேனியனோ, ஆண்டு முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும். பாவில் ஒட்டும், ஊடை இழையோடு சேர்ந்து போகும். அரக்குச் சிவப்பு உடலில் ஒரு வெள்ளை முடி நெய்யப்பட்டுவிட்டால், அதைக் கிளறி எடுக்க வேண்டியவர் தறியில் உட்கார்ந்திருப்பவர்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் பல வீடுகளில் வீடும் பட்டறையும் ஒன்றே. நாய்க்கென்று தனி இடம் ஒதுக்க முடியாது. இதோடு வீஸிங் உள்ள குழந்தையும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, செல்போன் திரையில் வரும் அந்தச் சுருள்முடி டெடி பியர் முகம் வரப்பிரசாதமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. மால்டிபூ, காக்கபூ, கவாபூ, ஷிபூ, லாப்ரடூடுல்... எல்லாமே பூடுலோடு வேறோர் இனத்தைச் சேர்த்த கலப்புகள். விளம்பரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: முடி கொட்டாது, அலர்ஜி வராது. விலை மட்டும் பட்டுச்சேலை மாதிரி. சில ஆயிரத்திலும் உண்டு, லட்சத்தைத் தொட்டதும் உண்டு.

அதை நம்பி வாங்கி, பிள்ளையும் குட்டியும் ஒட்டிக்கொண்ட பிறகு, பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால்? நாயைத் திருப்பி வாங்கிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். அதனால் அந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம்.

மூன்றில் ஒன்றுதான் தேறியது

1980-களில் ஹவாய் தீவிலிருந்து பார்வையற்ற பெண் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ராயல் கைட் டாக் சங்கத்திடம் வழிகாட்டி நாய் கேட்டார். அவர் கணவருக்கு நாய் அலர்ஜி. சங்கத்தில் நாய் வளர்ப்புக்குப் பொறுப்பாக இருந்த வாலி கான்ரன் முதலில் பூடுல்களையே பழக்கிப் பார்த்தார். 3 ஆண்டுகளில் 33 பூடுல்கள். எதுவும் வழிகாட்டி வேலைக்குச் சரிப்படவில்லை. கடைசியில் பூடுலையும் லாப்ரடாரையும் சேர்த்தார். 1989-ல் 3 குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. ஒரு குட்டியின் மாதிரிதான் அந்தக் கணவருக்கு அலர்ஜி தரவில்லை. ஆக, முதல் ஈற்றிலேயே 3-ல் 1 தான்!

கலப்புக் குட்டி என்றதும் காத்திருப்போர் பட்டியலில் யாரும் எடுத்துக்கொள்ள முன்வரவில்லை. உடனே கான்ரன் ஒரு புதுப் பெயர் வைத்தார், லாப்ரடூடுல். பெயர் மாறியதும் கேட்க ஆள் வந்துவிட்டது. பணத்துக்காக யார் வேண்டுமானாலும் எதோடு வேண்டுமானாலும் பூடுலைச் சேர்க்கும் நிலை வந்ததைப் பார்த்து, இதை ஏன் ஆரம்பித்தோம் என்று அவரே பிற்பாடு வெளிப்படையாக வருந்தினார்.

அலர்ஜிக்குக் காரணம் முடியே அல்ல என்பது பலருக்குத் தெரியாது. நாயின் எச்சில், தோலிலிருந்து உதிரும் செதில், சிறுநீர் இவற்றில் உள்ள புரதங்கள்தான் காரணம். முடி அதைச் சுமந்து வரும் வண்டி, அவ்வளவே. நெதர்லாந்தில் நடந்து 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 'அலர்ஜி தராத' இனங்கள் என்று சொல்லப்படும் நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. முடி தரையில் கொட்டாமல் இருப்பது உண்மை என்றாலும், அலர்ஜி வராது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிள்ளைக்கு வீஸிங் இருந்தால், வாங்க நினைக்கும் அதே வகையில் வளர்ந்த நாய் உள்ள வீட்டில் சில நாள்கள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது பிள்ளையை இருக்கவிட்டுப் பாருங்கள். குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள்.

ஒரே ஈற்றில் நாலு விதம்

பூடுல் கலப்பில் முதல் தலைமுறைக் குட்டிக்குப் பாதி பூடுல், பாதி மற்ற இனம். ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகளில் ஒன்று சுருள்முடி, இன்னொன்று அலைமுடி, மற்றொன்று லாப்ரடார் மாதிரி கொட்டும் முடியோடு வரலாம். கலப்புக் குட்டியைத் திரும்பப் பூடுலோடு சேர்த்தால் முக்கால் பங்கு பூடுல். கொட்டாத வாய்ப்பு அதிகம். விற்பவரிடம் இது எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால், 'கொட்டாது' என்று அவர் சொன்னதற்கும் மதிப்பில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? லாப்ரடூடுலும் கோல்டன்டூடுலும் 25 கிலோவைத் தாண்டக்கூடியவை. ஓடியாட இடம் வேண்டும். குழித்தறி போட்ட கூடத்தில் அது திரும்பினாலே பாவு இழை அறும். இந்த இரண்டையும் மறந்துவிடலாம். மால்டிபூ சின்னது, சில கிலோதான். முழங்கால் சில்லு நழுவுவது இதில் அதிகம். வீட்டில் 5 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், தூக்கிக் கீழே போட்டுவிடும் பயம் வேறு. கவாபூவுக்கு கவாலியர் வழியில் இதய வால்வு நோய் வரக்கூடும். ஷிட்ஸூ கலப்பில் மூக்கு சப்பையாக இருந்தால் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கும்; மூக்கு நீண்ட குட்டியாகப் பார்க்க வேண்டும். காக்கபூ சுறுசுறுப்பும் பாசமும் உள்ளது. தொங்கும் காதுக்குள் சீழ் பிடிக்காமல் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ள முடிந்தால் இந்தப் பட்டியலில் நடுத்தர வீட்டுக்கு ஒத்துவரும்.

கலப்பு என்றால் நோய் வராது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். காக்கபூ, லாப்ரடூடுல், கவாபூ மூன்றையும் அவற்றின் தாய், தந்தை இனங்களோடு ஒப்பிட்டு லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை.

சரி, முடி கொட்டக் கூடாது என்பதுதான் தேவை என்றால், பூடுலையே வாங்கினால் என்ன? யாரும் இதை யோசிப்பதில்லை. பூடுல் என்றதும் கண்காட்சியில் பார்த்த பந்து பந்தான முடிவெட்டு நினைவுக்கு வந்து, 'அது நமக்கு வேண்டாம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முகத்தைச் சுற்றி ஒரே அளவாகக் கத்தரித்தால் பூடுலும் அதே டெடி பியர்தான். மினியேச்சர் பூடுல் 28 முதல் 35 சென்டிமீட்டர் உயரம், முடி எப்படி வரும் என்பதில் சந்தேகம் இல்லை, புத்திசாலி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் வம்சாவளிச் சான்றிதழும் இதற்குக் கிடைக்கும். கலப்புகளைத் தனி இனமாக கிளப் ஏற்பதில்லை. 'மால்டிபூவுக்கு கே.சி.ஐ பேப்பர் இருக்கு' என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 'டீ கப் பூடுல்' என்பதும் ஓர் இனமல்ல, விற்பனைப் பெயர்.

எங்கே, எப்படி வாங்குவது?

நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கென மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகளின்படி, குட்டிகளை விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெண் நாயை ஈனவைக்கக் கூடாது. ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. '35 நாள் குட்டி, இன்னிக்கே எடுத்துக்கங்க' என்றால் அது விதிமீறல். தாயை விட்டுச் சீக்கிரம் பிரிந்த குட்டி கடிப்பதையும் பயப்படுவதையும் எளிதில் விடாது.

கையிலேயே பட்டு முத்திரை பார்த்து, ஜரிகையைச் சோதித்துச் சேலை வாங்கச் சொல்லும் ஊர் இது. நாய்க்குட்டிக்கு மட்டும் போட்டோவைப் பார்த்து முன்பணம் அனுப்புவது என்ன நியாயம்? பணம் போனதும் 'விமானக் கட்டணம்', 'கூண்டுக் கட்டணம்' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் குட்டியே வராத மோசடிகள் ஏராளம். நேரில் போங்கள். குட்டியை அதன் தாயோடு காட்டச் சொல்லுங்கள். தாய் ஒல்லியாக, மிரண்டு, காம்பு தொங்கி ஒதுங்கி நின்றால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். 'அம்மா வேற ஊர்ல இருக்கு' என்பது பதில் அல்ல. தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் கையெழுத்தும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். பார்வோ வைரஸ் பட்ட குட்டி, வாங்கிய ஒரு வாரத்துக்குள் ரத்தக் கழிச்சலில் போய்விடக்கூடும்.

கொட்டாத முடி எங்கே போகும்?

எங்கும் போகாது, உடம்பிலேயே சிக்கு விழும். சுருள்முடி நாயின் உண்மையான விலை அதுதான். தினமும் 15 நிமிடம், உலோகச் சீப்பு தோல் வரை போகும்படி வார வேண்டும். மேலாக பிரஷ் போட்டால் மேலே பஞ்சு போலவும் அடியில் கம்பளி போலவும் ஆகிவிடும். பிறகு மொட்டைதான். 6 வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டும். அதற்காக 75 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்குப் போவதா, வீட்டிலேயே கற்றுக்கொள்வதா என்பதை வாங்கும் முன்பே பேசி முடிவெடுங்கள். வெயிலுக்கு ஓர் அங்குல அளவு போதும். தோல் தெரியச் சிரைத்தால் வெயில் சுட்டுவிடும்.

சுருளுக்குள் உண்ணி ஒளிந்தால் கண்ணுக்கே தெரியாது. உண்ணி வழியாக வரும் காய்ச்சல் தமிழ்நாட்டு நாய்களை அதிகம் படுத்தும் நோய்களில் ஒன்று. காதின் உள்புறம், கழுத்து, விரலிடுக்கு மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள். மண்ணெண்ணெய் பூசுவது வேண்டாம். மருந்தை மருத்துவர் சொல்லட்டும்.

தறி வீடுகள் இன்னொன்றை மறக்கக் கூடாது. குட்டி நூலை விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொண்டால், குடல் துணி சுருக்கம் போல மடிந்து, அறுபட்டும் போகலாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள். வாந்தி, சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் கத்துவது இருந்தால் அன்றே மருத்துவமனை. சிக்கலான அறுவைக்கு சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஜரிகை கட்டை, கழிவு நூல் எல்லாம் மூடிய டப்பாவுக்குள் போகட்டும். குழித்தறிப் பள்ளத்துக்கு ஒரு பலகை மூடி செய்துவிடுங்கள்.

கோயிலிலிருந்து வரும் சர்க்கரைப் பொங்கலையும் கையெட்டாத இடத்தில் வையுங்கள். அதில் கிடக்கும் உலர்திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எப்போது வாங்கலாம்? தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் வேண்டவே வேண்டாம். புது வீட்டில் முதல் சத்தமே சரவெடி என்றால் அந்தப் பயம் லேசில் போகாது. தை மாதம் நல்ல நேரம். அப்போது 8 வாரக் குட்டி வந்தால், 3 மாதத்தில் போட வேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசிகளும் பங்குனிக்குள் முடிந்துவிடும். கத்திரி வெயில் வரும்போது, காலை 6 மணிக்கு சன்னதித் தெருவில் ஒரு சுற்று போய், தரை சூடாவதற்குள் வீடு திரும்ப அது பழகியிருக்கும்.