எல்லாம் வாயு அல்ல!

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

நம் கிராமங்களில் நெஞ்சு வலிக்கு ஒரே பெயர்தான் உண்டு: வாயு. மார்பை அடைத்தாலும் வாயு. முதுகில் குத்தினாலும் வாயு. இடது தோளில் இழுத்தாலும் வாயு. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஏறக்குறைய ஒன்றே. ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், பூண்டுப் பால், கடைசியில் ஒரு சோடா. படித்தவர்களிடத்திலோ நிலைமை நேர்மாறு. சற்றே சுருக்கென்றாலும் ‘மாரடைப்பு’ என்று நடுங்கிப் போகிறோம். ஒரே வலியைக் கண்டு ஒரு சாரார் அலட்சியமும் மறு சாரார் அச்சமும் கொள்வானேன்? இரண்டிற்கும் அறியாமையே காரணம் என்பது என் கருத்து. ஆயினும் இரண்டும் ஒரே அளவில் தீயவை அல்ல. அச்சம் பணத்தைத் தின்னும். அலட்சியம் ஆளையே தின்றுவிடும்.

மார்பு ஓர் ஒண்டுக்குடித்தன வீடு. அதில் இருதயத்தோடு நுரையீரல், அதைப் போர்த்திய உறை, உணவுக் குழாய், பெருந்தமனி, விலா எலும்புகள், தசைகள் எனப் பலர் குடியிருக்கின்றனர். உதரவிதானத்திற்குக் கீழே இரைப்பையும் பித்தப்பையும் அண்டை வீட்டார். இவர்களில் யார் கூச்சலிட்டாலும் வலி நெஞ்சில்தான் கேட்கும்.

இரைப்பை அமிலம் உணவுக் குழாயில் மேலேறினால் நெஞ்செலும்பின் பின்னால் எரியும். உண்டவுடன் படுத்தால் மிகும். காலையில் வெறும் தேநீரோடு வகுப்புக்கு ஓடிவரும் விடுதி நண்பர்கள் பலர் இதை அறிவர். விலா எலும்பின் குருத்தெலும்பு வீங்கினால் அவ்விடத்தை அழுத்தும்போது வலிக்கும். நுரையீரல் உறையில் அழற்சி வந்தால் மூச்சை இழுக்குந்தோறும் கத்தி குத்துவது போலிருக்கும். நிமோனியாவிலும் காச நோயிலும் இது நேர்வதுண்டு. அக்கி நோயில் கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாள் முன்பே மார்பின் ஒரு பக்கம் எரியத் தொடங்கும். தேர்வு நேரத்துப் பதற்றம்கூட நெஞ்சை அடைக்கச் செய்யும்.

இருதயம் நலமாக இருந்தும் உயிருக்கு உலை வைக்கும் வலிகளும் உண்டு. நெடுநாள் படுக்கையில் கிடந்தவரின் காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரல் குழாயைச் சென்று அடைப்பது ஒன்று. இரத்தக் கொதிப்பு உள்ளவரின் பெருந்தமனிச் சுவர் உள்ளுக்குள் கிழிவது மற்றொன்று. நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிவது மூன்றாவது. இது உயரமாய் ஒல்லியாய் உள்ள நம் வயது வாலிபர்களுக்கும் திடீரென்று வரும்.

இனி இருதயத்திற்கு வருவோம். 1768ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நடந்தால் வந்து நின்றால் போகும் ஒரு நெஞ்சு வலியைத் தெளிவாக விவரித்தார். இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாய் குறுகிப்போவதே அதன் காரணம் என்பதைப் பின்வந்தோர் கண்டனர். குறுகிய குழாயில் இரத்தம் உறைந்து முற்றும் அடைத்துக்கொண்டால் அதுவே மாரடைப்பு. அப்போது வலி பெரும்பாலும் குத்தாது. பாறாங்கல்லை ஏற்றி வைத்தாற்போல் அழுத்தும். இடது கை, தாடை, மேல்வயிறு என்று பரவும். குப்பென்று வியர்க்கும், குமட்டும்.

நெஞ்சில் நோய் இருக்கக் கையில் வலிப்பானேன்? இருதயத்திலிருந்து வரும் நரம்புகளும் கையின் உட்புறத்திலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் வந்து சேர்வதால், மூளைக்கு எது எங்கிருந்து வந்த செய்தி என்று பிரித்தறிய முடிவதில்லை.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ‘வாயு’ என்று சொன்ன நம் பெரியோர் மூடர்கள் அல்லர். இருதயத்தின் அடிப்புறச் சுவரில் அடைப்பு நேர்ந்தால் மேல்வயிறு உப்பினாற்போல் தோன்றும்; ஏப்பமும் குமட்டலும் வரும். சோடா குடித்தால் ஏப்பம் விட்டுச் சற்று இதமாகவும் இருக்கும். ஆனால் அந்த இதம் குழாயின் அடைப்பைத் திறந்துவிடுமா? அடைப்பு நீடித்தால் அரை மணி நேர அளவிலேயே இருதயத் தசை சாகத் தொடங்கிவிடும். செத்த தசை மீண்டும் முளைப்பதில்லை.

மூட்டை தூக்கிப் பிழைத்த என் பெரியப்பா ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். “வாயுதான், ஒரு சோடா குடிச்சாச் சரியாப்போயிடும்” என்றார். மருந்துக் கடையில் கேட்டதற்கும் அதே பதில். ஒரு மாத்திரையும் கொடுத்தனுப்பினார்கள். மாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றபோது நேரம் கடந்துவிட்டது. அவர் சோடாவை நம்பினாரா என்பது எனக்கு இன்றும் ஐயமே. ‘வாயு’ என்றால் மறுநாள் வேலைக்குப் போகலாம். ‘இருதயம்’ என்றால் கூலி போகும், கடன் வரும். ஏழைக்குக் கட்டுபடியாகும் ஒரே நோய் வாயுதான்! எங்கள் அம்மாமார்களோ அடுப்பங்கரை வேலை முடியும்வரை எந்த வலியையும் வெளியில் சொல்வதே இல்லை. பெண்களுக்கும், முதியோருக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் மூச்சு முட்டலாகவும் அசதியாகவும் மாரடைப்பு வரக்கூடும் என்பதை நினைத்தால் கவலை இன்னும் கூடுகிறது.

ஆகவே காரணங்களின் பட்டியலை மனப்பாடம் செய்து, வீட்டிலிருந்தபடியே ‘இது தசை, இது அமிலம்’ என்று தீர்ப்பு வழங்க நான் சொல்லவில்லை. பட்டியல் நீளமாக இருப்பதே நாம் தீர்ப்பு வழங்கக் கூடாது என்பதற்குச் சான்று. தீர்ப்பை ஈ.சி.ஜி.க்கு விடுவோம். ஹாலந்து அறிஞர் ஐந்தோவன் இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து 1924இல் நோபல் பரிசு பெற்றார். அன்று அவருடைய கருவியை இயக்கப் பலர் தேவைப்பட்டனர். இன்று அது கையில் தூக்கிச் செல்லும் பெட்டி. நெஞ்சு வலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்திற்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ உலகின் விதி. முதல் பதிவு சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று உறுதியாகாது; மீண்டும் எடுத்து, டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள்.

மருந்தும் எட்டாத தொலைவில் இல்லை. 17 ஆயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை ஐந்து வாரத்திற்குள் நேரும் மரணங்களை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைத்தது தெரியவந்தது. அதைத் தருவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பெருந்தமனி கிழிந்தவருக்கு அதுவே தீங்காகும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் மருந்துகளை வைத்தார்கள். இத்தனை இருந்தும் வலி கண்டவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தால் பயன் என்ன?

எனவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம், நல்லதே. ஒரு மாலை நேரத்தை இதற்கும் ஒதுக்க வேண்டும். அடையாளங்களை எடுத்துச் சொல்லி, அருகில் ஈ.சி.ஜி. உள்ள ஆஸ்பத்திரி எது என்பதை ஊர்ச் சுவரில் எழுதிவிட்டு வரலாம். நாடி நின்றவரின் நெஞ்சை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தும் முதலுதவியை மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்றுத் தரலாம்.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படித்தான். ஊரில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். நாளை யாரேனும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ‘வாயு’ என்றால், நாம் வாதாட வேண்டியதில்லை. “வாயுவாகவே இருக்கட்டும்; முதலில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு வருவோம், திரும்பி வந்து சோடா குடிக்கலாம்” என்று கைபிடித்து எழுப்புவோம். நாம் படித்த படிப்பு நம் ஊருக்குச் செய்யும் முதல் கைம்மாறு அதுவாக இருக்கட்டும்.