சதுரங்க யந்திரமும் விளம்பர வலிமையும்

அரிசி வாங்குகிறவன் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறான். கல் கலந்திருந்தால் கண்டுகொள்ளுகிறான். சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டர் யந்திரத்தை வாங்குகிறவன் எதைப் பார்ப்பான்? உலக வீரர் மாக்னஸ் கார்ல்ஸன் 2014-ம் ஆண்டில் எட்டிய தரப்புள்ளி 2882. யந்திரங்களுக்கோ 3500-க்கும் மேலாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் எது வலிது, எது மெலிது என்று வாங்குகிறவன் ஆடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. எல்லாமே அவனைத் தோற்கடித்துவிடும். ஆகவே, விளம்பரத்தை நம்பியே அவன் பணம் கொடுக்கிறான். விளம்பரம் பொய்த்தாலும் அவனுக்கு அது தெரியப்போவதில்லை. ஜெர்மனியில் மியூனிக் நகர நியாயஸ்தலத்துக்கு வந்த வழக்கை இதை மனத்தில் வைத்தே ஆராய வேண்டும்.

ஸ்டாக்பிஷ் என்பது 2008-ம் ஆண்டில் தோன்றிய சதுரங்க யந்திரம். யந்திரம் என்றாலும் இரும்பாலானதன்று. கம்ப்யூட்டரில் இயங்கும் மென்பொருள். பல தேசத்தார் கூலி வாங்காமல் உழைத்து அதை வளர்த்தார்கள். ஒவ்வொரு சிறு மாறுதலையும், தொண்டர்கள் இரவலாகக் கொடுத்த கம்ப்யூட்டர்களில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடவிட்டுச் சோதித்தே சேர்த்தார்கள். எவரும் அதை எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். தாம் பெற்ற அதே சுதந்திரத்தையும், மூல நிரலையும் வாங்குவோருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே நிபந்தனை.

2021 பிப்ரவரியில் ஹாம்பர்க் நகரத்துச் செஸ்பேஸ் கம்பெனி, பேட் பிரிட்ஸ் 2 என்ற சரக்கைச் சுமார் 100 யூரோ விலையில் வெளியிட்டது. வலிமையில் முதலிடம் இதற்கே என்று பறையறைந்தது. உள்ளே இருந்தது பெரும்பாலும் ஸ்டாக்பிஷ்தான். கம்பெனியார் அதை முற்றிலும் மறைத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சேர்த்தவை புதிதாகப் பயிற்றிய ஒரு மதிப்பீட்டு வலையும் சில மாறுதல்களுமே. மூலத்தைக் காட்டிலும் இது மெலிந்தது என்றும், பணத்துக்கேற்ற பயன் இதில் இல்லை என்றும் ஸ்டாக்பிஷ் குழுவார் பகிரங்கமாக அறிவித்தார்கள். ஜூலை மாதத்தில் பிராது கொடுத்தார்கள். 2022 நவம்பரில் வழக்கு ராஜியாயிற்று. ஸ்டாக்பிஷ் அடங்கிய சரக்குகளை ஓராண்டுக்கு விற்பதில்லை என்றும், உரிம விதிகளைக் கண்காணிக்க ஓர் அதிகாரியை நியமிப்பது என்றும் கம்பெனி ஒப்புக்கொண்டது.

உழைத்தவர்களுக்கு நீதி கிடைத்தது, மகிழ்கிறோம். வாங்கியவனுக்குக் கிடைத்தது என்ன? வியாபாரி தன் சரக்கைப் புகழ்வது வழக்கந்தானே என்று சிலர் சமாதானம் கூறுவர். 'ஒப்பற்றது' என்று கூவுவது புகழ்ச்சி. எண்ணையும் இடத்தையும் குறித்துச் சொல்வது வாக்குறுதி. தன் மருந்தை உபயோகித்த பின்னும் இன்புளூயன்ஸா கண்டால் 100 பவுன் தருவதாக விளம்பரம் செய்த கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி, அது வெறும் புகழ்ச்சியே என்று வாதாடிற்று. இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டு 1892-லேயே அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

தரப்புள்ளி என்பதும் நிறுத்துப் பார்க்கும் எடையன்று. பேராசிரியர் அர்பாட் இலோ வகுத்த முறையில் அது யார் யாரோடு ஆடினார் என்பதைப் பொறுத்த கணக்கு. யந்திரங்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே மோதிப் பெற்ற 3500-ஐ மனிதர் பெற்ற 2882-க்குப் பக்கத்தில் வைப்பதே பிசகு. (மேலே நாமும் அப்படித்தான் வைத்தோம், பழக்கம் அவ்வளவு வலிது!) ஆட்டத்துக்குக் கொடுத்த நேரமும் கம்ப்யூட்டரின் வேகமும் மாறினால் வரிசையே மாறக்கூடும். சில புள்ளி வித்தியாசம் கணக்கின் பிழை எல்லைக்குள்ளேயே மறைந்துவிடும்.

எந்த யந்திரங்களோடு, எத்தனை ஆட்டங்கள், எவ்வளவு நேரம், எந்தக் கம்ப்யூட்டரில், பிழை எல்லை எவ்வளவு என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி கட்டாயப்படுத்த வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மியூனிக் வழக்கு உரிமத்தைப் பற்றியது. விளம்பரத்தின் வலிமை அங்கே தீர்ப்புக்கு வரவே இல்லை.