இரண்டாவதா வந்தவன் செஞ்ச பாவம் என்ன?

ஐஸ்லாந்து கால்பந்துன்னா நம்ம ஆளுங்களுக்கு 2016 யூரோ கோப்பையில இங்கிலாந்தை 2-1-னு வீட்டுக்கு அனுப்பின கதைதான் ஞாபகம் வரும். நான் பொலம்ப வந்தது அங்க உள்ளூர்ல நடக்கற ஆண்கள் இரண்டாம் டிவிஷன் பத்தி.

மொத்தம் 12 அணி, ஆளுக்கு 22 ஆட்டம். 2022 வரைக்கும் கணக்கு ரொம்ப சிம்பிள். முதல் ரெண்டு இடம் பிடிச்சா அடுத்த வருஷம் முதல் டிவிஷன். 2023-ல மாத்தினாங்க. முதல் அணி மட்டும் நேரா மேல. 2-லேர்ந்து 5 வரை வந்த நாலு பேரும் பிளே-ஆஃப்ல மோதணும், ஜெயிக்கிற ஒருத்தருக்குத்தான் மிச்ச இடம்.

விளைவைப் பாருங்க...

2023: இரண்டாவது ஆஃப்டுரெல்டிங். மேல போனது நாலாவது வந்த வெஸ்ட்ரி.
2024: இரண்டாவது கெப்லாவிக். மேல போனது நாலாவது வந்த ஆஃப்டுரெல்டிங்.
2025: இரண்டாவது நியார்ட்விக். மேல போனது அஞ்சாவது வந்த கெப்லாவிக்.

மூணு வருஷம், மூணு தடவையும் இரண்டாமிடத்துக்குப் பட்டை நாமம்! அதுலயும் 2023, 2024 ரெண்டு ஃபைனலும் 1-0. இருபத்திரண்டு ஆட்டத்து உழைப்பு ஒத்தை கோல்ல காலி.

"அன்னிக்கு ஏமாந்தவனுக்கு மறுவருஷம் கிடைச்சுதே, கணக்கு நேராயிடுச்சு"ன்னு சிலர் சொல்லுவாங்க. என்னங்க நியாயம் இது? 2024-ல கெப்லாவிக் பறிகொடுத்ததுக்கு 2025-ல நியார்ட்விக் ஏன் வட்டி கட்டணும்? இத்தனைக்கும் ரெண்டும் ஒரே நகராட்சிக்குள்ள இருக்கற பக்கத்து ஊருங்க. அரையிறுதியில மோதிக்கிட்டதும் இவங்க ரெண்டு பேரேதான். பறிகொடுத்தவன் அடுத்தவன்கிட்ட பறிச்சா அதுக்குப் பேரு நியாயம் இல்லை, சுத்து வட்டம்.

பிளே-ஆஃப் இல்லேன்னா கடைசி மாசம் ஆட்டமெல்லாம் சப்புன்னு ஆயிடும்கறதை ஒத்துக்கறேன். அஞ்சாவது இடத்துல இருக்கறவனுக்கும் ஒரு நம்பிக்கை வேணும்தான். ஆனா அந்த நம்பிக்கைக்கான விலையை இரண்டாவது வந்தவன் தலையில மட்டும் கட்டறதுதான் தப்பு.

நம்ம ஐபிஎல்-லயே வழி இருக்கு. முதல் ரெண்டு இடத்துல வந்தவங்க ஒரு தடவை தோத்தாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதே மாதிரி, இரண்டாவது வந்தவனைக் கவுக்கணும்னா ரெண்டு தடவை ஜெயிச்சுக் காட்டுன்னு வெச்சா என்ன? பரபரப்பும் இருக்கும், உழைச்சவனுக்கு மரியாதையும் இருக்கும்.

டிஸ்கி: வெஸ்ட்ரி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. இருக்கற விதியில ஆடி ஜெயிச்சாங்க. சண்டை விதியோடதான்!