"நார்மல்" என்னும் சொல்லும் தைராய்டு மாத்திரையும்

தைராய்டுக் குறைவுக்காக மாத்திரை உண்போர் இந்நாளில் சிற்றூர்களிலும் பலராவர். அவர்தம் கைக்கு வரும் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஒரு சொல் தீங்கு விளைவித்து வருகிறது. "நார்மல்" என்பதே அச்சொல். தமிழாக்குவோர் அதனை "இயல்பு" என்றெழுதி அப்பாற் செல்கின்றனர். படிப்பவரோ நோய் தீர்ந்ததென்று பொருள் கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார். சில வாரங்களில் சோர்வும் வீக்கமும் மீளுகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் என் கருத்து இது: மருந்து உண்பவர்க்கு அச்சொல்லை "மருந்தின் துணையால் அளவுக்குள் உள்ளது" என்றே பெயர்த்துரைக்க வேண்டும். நீளம் மிகுதி என்பர், இருக்கட்டும்.

சீட்டை அச்சிடும் கூடத்திற்கு அவர் மருந்து உண்பவர் என்பது தெரியாதே எனலாம். உண்மையே. ஆகவேதான் அவ்விளக்கம் களப்பணியாளர் வாயிலாகவும் ஆசிரியர் வாயிலாகவும் வரவேண்டியுள்ளது. சிலருக்குக் குறைவு தற்காலிகமானதாகவும் இருக்கலாம். அதனைத் தீர்மானிப்பவர் மருத்துவர், சீட்டன்று.

மற்றொரு குழப்பம் டி.எஸ்.எச். என்னும் எண்ணைப் பற்றியது. அது தைராய்டு சுரக்கும் பொருளன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தைராய்டை ஏவி அனுப்பும் கட்டளை அது. தைராய்டின் சுரப்பு குறைந்தால் கட்டளை உயரும், மிகுந்தால் தாழும். எண் உயர்ந்திருக்கக் கண்டு, "தைராய்டு ஏறிவிட்டது, மாத்திரையைக் குறைப்போம்" என்று முடிவு கட்டுவது முற்றிலும் தலைகீழானது. வயதுவந்தோர்க்கு இது பெரும்பாலும் லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இருக்கும். கூடத்திற்குக் கூடம் எல்லை சிறிது மாறும். கருவுற்ற மகளிர்க்கும் முதியோர்க்கும் அது வேறு.

பொறுமையின்மையும் கேடு செய்கிறது. லீவோதைராக்சின் உடலில் பாதியளவாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். ஆதலின் மாத்திரையின் அளவை மாற்றியபின் இரத்தம் புதிய நிலையில் அமைய 5, 6 வாரங்கள் செல்லும். 6 முதல் 8 வாரங்கள் கழித்துச் செய்யும் சோதனையே பொருளுடையது. பத்தாம் நாள் எடுத்த எண்ணை நம்பி மறுபடியும் அளவைக் கூட்டினால் மருந்து மிகுந்துவிடும். நாளடைவில் நெஞ்சுத் துடிப்பும் எலும்புத் தேய்வும் நேரலாம். கருவுற்றோர்க்கு மட்டும் சோதனை இன்னும் அடுத்தடுத்து வேண்டும்.

பல வாரம் மாத்திரையை மறந்திருந்து, சோதனைக்கு முந்திய சில நாட்கள் மட்டும் தவறாது விழுங்குவோரும் உளர். அப்போது டி4 அளவுக்குள் நிற்க, டி.எஸ்.எச். உயர்ந்தே இருக்கக்கூடும். இதனை அறியாத மருத்துவர் அளவைக் கூட்ட நேரிடும். அவர் கேட்கும்முன் நம்மவர் கடிந்துரைக்காது கேட்டறிந்து சொன்னால் நன்று.

இங்கே நமது பொறுப்பும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சிய மாத்திரையும் கொடுப்பவர் களப்பணியாளரே. அவ்விரண்டும் தைராய்டு மருந்தைக் குடலில் தடுத்து நிறுத்துவன. ஒருசேர விழுங்கினால் மருந்து உண்டும் பயனில்லை. 4 மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, அரைமணி முதல் ஒருமணி வரை கழித்தே தேநீரும் உணவும் கொள்ளவேண்டும். முன்பே மருந்து உண்ணும் பெண் கருவுற்றால் அவள் தேவை தொடக்கத்திலேயே உயரும். முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினே ஆதாரம். மாதவிடாய் தள்ளிய உடனே அவள் மருத்துவரைக் காணுமாறு செய்வது எந்த விளம்பரப் பலகையினும் பயனுடையது.

அயோடின் உப்பு பற்றியும் ஒரு சொல். 1956இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அவ்வுப்பு கழுத்துக் கழலையைத் தடுப்பதை நிறுவியது. பள்ளியில் நாம் கற்பிக்கும் இப்பாடம் சரியே. ஆனால் செயலிழந்த சுரப்பிக்கு உப்பு ஈடாகாது.

சீட்டின் பின்புறம் வெற்றிடமாகவே இருக்கிறது. மாத்திரை எத்தனை மைக்ரோகிராம், எந்நாளில் மாற்றப்பட்டது, அடுத்த சோதனை எப்போது என்னும் மூன்றையும் அங்கே தெளிவாக எழுதிக் கொடுக்கலாம்.