பழைய ஜீப்பும் புதிய ஸ்டியரிங்கும்



சாகாமம் வட்டைக்குப் போய்வர வீட்டுக்காரர் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்றை வாங்கி, "ஸ்டியரிங்கை மாற்றப் போகிறேன்" என்றால், செலவைக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள்.

1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்யப்பட்ட இந்த ஜீப்பில், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் தண்டு முன் அச்சின் நடுவே உள்ள ஒரு துண்டைத் திருப்பும். அதிலிருந்து இரு கம்பிகள் சக்கரங்களுக்குப் போகும். அந்த நடுத்துண்டு தேய்ந்தால் ஸ்டியரிங் ஆட்டம் காணும். வண்டி நேரே ஓடாது. ஆகவே அதைக் கழற்றிவிட்டு, சாகினோ வகைப் பெட்டியைப் பூட்டுவோர் உண்டு. உள்ளே உருளும் உருக்குக் குண்டுகள் உராய்வைக் குறைக்கும். பவர் ஸ்டியரிங் என்றால் பெண்களுக்கும் இலகு.

கராஜில் கேட்க வேண்டியவை நான்கு:

1. பெட்டியைத் தாங்கும் இடத்தில் சேஸிக்குப் பலம் கொடுத்தார்களா? இல்லையேல் நாளடைவில் அது வெடிக்கும்.

2. தண்டுகளைச் சூடாக்கி வளைத்தார்களா, வெட்டி ஒட்டினார்களா? அப்படியானால் வேண்டாம், முறிந்தால் வண்டி கையில் நிற்காது.

3. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இருபுறமும் முழுதாகத் திருப்பினார்களா? வலப்பக்கம் திருப்பினால் சக்கரமும் வலப்பக்கம் போக வேண்டும். எங்கும் உரசக் கூடாது.

4. எஞ்சின் நின்றால் பவர் உதவியும் நிற்கும், ஸ்டியரிங் பாரமாகும். ஓட்டுபவருக்கு அது தெரியுமா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஜீப்பில் ஏறும் பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம். முதலில் ஆணிகளை இறுக்குவோம்; பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறுவோம்.